மோயுன்ஜியில் சிறகி எண்ணியது: மூன்றாவது குளிர்காலம்

சிறகி என்பது ஒரு காட்டு வாத்து. இரண்டு வருடமாக என் நோட்டில் ஒரே மாதிரி வரிகள்தான். சிறகி 60. சிறகி 200. இந்த வருடம் பொங்கல் கழிந்த மறுநாள் அவ்வளவுக்கும் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன்.

பர்மாவில் பெகுவுக்கு வடக்கே, மாண்டலே ரோட்டை ஒட்டி இருக்கிறது மோயுன்ஜி ஏரி. 1878-ல் வெள்ளைக்காரன் கால்வாய்க்காகத் தேக்கிய தண்ணீர். 2004-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அங்கே சீழ்க்கைச் சிறகியும் உண்டு, பெரிய சீழ்க்கைச் சிறகியும் உண்டு. நான் இரண்டையும் ஒன்றாகவே எழுதி வந்திருக்கிறேன். படகுக்காரருக்கும் எல்லாமே 'சிஸ்ஸலி'தான்.

இரண்டுக்கும் செம்பழுப்பு உடம்பு, நீளக் கழுத்து, விசில் சத்தம். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லவும் வழியில்லை. சிறியது 40 செ.மீ. சுமார், பெரியது 50. தாமரை இலைக்கு நடுவே தனியாக மிதக்கும் பறவையிடம் இந்த அளவு செல்லாது.

முதலில் விலாவை நம்பினேன். பெரியதற்கு அங்கே வெளிர் இறகுகள் வரிசையாக, கோடு போட்ட மாதிரி நிற்கும். ஆனால் சாய்வெயில் பட்டால் சின்னதன் விலாவும் மின்னுகிறது. ஒரே காலையில் ஒன்பது 'பெரியது' எழுதி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒன்பதையும் அடித்தேன். அப்புறம் பிடரி: பெரியதற்குக் கருங்கோடு ஒன்று இறங்கும். அதற்குப் பறவை முதுகைக் காட்ட வேண்டுமே!

மிச்சம் இருந்தது வால் மேல்பக்கம். சின்னதற்கு அது செங்கல் நிறம், பெரியதற்குப் பால் வெள்ளைப் பிறை. பறந்தால்தான் தெரியும். கிளப்பிவிட எனக்கு மனமில்லை, இருட்டும் நேரத்தில் அவை தாமாகவே மேயக் கிளம்பும் என்று கரையில் உட்கார்ந்தேன். கூட வந்த மாமா வயல்காரர்.

"ராத்திரி நம்ம நெல்லைத் திங்கப் போறதுகளை இங்க உக்காந்து எண்ணுறியா, மாப்பிள்ளை?"

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பின. கால்கள் பின்னால் தொங்க, தாழ்வாக, விசிலடித்துக்கொண்டு. மூன்றாவது கூட்டத்தின் கடைசியில் இரண்டு பறவைகள். திரும்பியதும் வால் மேல்பக்கம் வெள்ளைப் பிறை, வெறுங்கண்ணுக்கே. மாமாதான் முதலில் கை நீட்டினார்.

நோட்டில் இப்போது: சின்னது 43, பெரியது 2, தெரியாதது 11. அடுத்த வாரம் மேல் இறக்கையைப் பார்க்க வேண்டும். சின்னதற்கு அங்கே செம்பழுப்புத் திட்டு இருக்கிறதாம். அந்தப் பதினொன்றில் பாதியாவது குறையட்டும்.