கேனின் அடித்தழும்பு மெஷினுக்குத் தெரியாது

மும்பை தாராவியில் 13 காம்பவுண்டுப் பக்கம் பிளாஸ்டிக் பிரிப்பவர் கையில் ஒரு பழைய கேன் கிடைத்தால், முதலில் அதைக் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார். அடியில் குறுக்காக, தையல் போட்ட தழும்பு மாதிரி ஒரு கோடு ஓடினால் அது ப்ளோ, அதாவது காற்றை ஊதிச் செய்தது. கோடு இல்லாமல் நடுவில் பொட்டு அளவுக்கு ஒரு மேடு இருந்தால், உருக்கி அச்சுக்குள் செலுத்திய இஞ்செக்‌ஷன். இரண்டும் எச்டிதான், அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன். ஆனாலும் கோணி வேறு, தானா வேறு, வாங்குகிறவரும் வேறு. (தானா என்பது உருக்கி நறுக்கிய பிளாஸ்டிக் மணி. இந்திச் சொல்தான், ஆனால் நைன்ட்டி ஃபீட் ரோட்டுத் திருநெல்வேலிக்காரர் வாயிலும் அதேதான் வரும்.)

ஏன் வேறு? ப்ளோ மோல்டிங்கில் உருகிய குழாய் ஒன்று அந்தரத்தில் தொங்கும். அச்சு வந்து அதைக் கவ்வும் வரை அது தன் எடையில் வழியாமல் நிற்க வேண்டும். அதனால் பாகு கெட்டியாக இருக்கணும். உருகியோட்ட எண், அதாவது எம்எஃப்ஐ (உருகிய பாகு எவ்வளவு ஓடுகிறது என்ற அளவு), 10 நிமிடத்துக்கு 0.2 முதல் 0.4 கிராம். இஞ்செக்‌ஷனில் சூடான பாகு மெல்லிய சந்துகளுக்குள் ஓடி அச்சை நிரப்ப வேண்டும். அங்கே 5 முதல் 20 வரை கேட்பார்கள். இரண்டையும் கலந்து ஓட்டினால் நடுவில் ஏதோ ஒரு எண் வரும். அந்தத் தானாவைக் கேன் செய்கிறவர் போட்டால் குழாய் கீழே இழுபட்டு, மேல் சுவர் காகிதமாக மெலிந்துவிடும். பக்கெட் செய்கிறவர் போட்டால் விளிம்பு நிரம்பாது. இரண்டு பேருக்கும் உதவாத சரக்கு.

இனி, ‘ஆட்டோமேட்டிக் ரீசைக்ளிங்’ என்று சொல்லி விற்கிற என்ஐஆர் (அண்மை அகச்சிவப்பு ஒளியில் பிரிக்கும்) மெஷினிடம் இந்த இரண்டு கேனையும் காட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் ‘எச்டி’ என்று ஒரே பதில்தான் வரும். அது பொய் சொல்லவில்லை. அண்மை அகச்சிவப்பு ஒளியில் அது படிப்பது கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வை. மூலக்கூறுச் சங்கிலி நீளமா குட்டையா, பொருள் எந்த அச்சில் பிறந்தது என்பதெல்லாம் அந்த நிறமாலையில் பிரிந்து தெரியாது. மெஷின் மூலக்கூறைப் படிக்கிறது, கை அது செய்யப்பட்ட விதத்தைப் படிக்கிறது. பிரிப்பு வேலையில் மெஷினை எங்கே நுழைக்கலாம், எங்கே நுழைத்தால் காசு கரையும் என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

மெஷின் எப்படி வேலை செய்கிறது? வேகமான பெல்ட்டில் சரக்கு ஓடும். மேலே ஹாலஜன் விளக்கு. பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை, சுமார் 900 முதல் 1700 நானோமீட்டர் வரை, சென்சார் பிரித்துப் பார்க்கும். பெட்டுக்கு (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) 1660 பக்கம் ஒரு பள்ளம், பாலிஎத்திலீனுக்கு 1210 பக்கம் ஒன்று, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை. அடையாளம் தெரிந்ததும், பெல்ட் முடிகிற இடத்தில் வரிசையாக இருக்கும் காற்றுக் குழல்களில் சரியானது மட்டும் சில மில்லிசெகண்ட் திறந்து அந்தப் பாட்டிலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டிவிடும்.

இதில் சென்சாரை விட அதிகம் வம்பு பண்ணுவது பெல்ட்தான். வேகம் வினாடிக்கு 3 மீட்டர், சென்சாருக்கும் குழலுக்கும் இடையே 60 செ.மீ. என்று வையுங்கள். பாட்டில் 200 மில்லிசெகண்டில் வந்து சேரும். பெல்ட் 5 சதம் வழுக்கினாலும், பாட்டில் பெல்ட்டின் மேல் உருண்டாலும், 10 மில்லிசெகண்ட் பிசகும். அதாவது 3 செ.மீ. காற்று பாட்டிலின் ஓரத்தில் பட்டு அதைச் சுழற்றிவிடும், தள்ளாது. இதனால்தான் நசுக்காத உருண்டைப் பாட்டிலை விட லேசாகத் தட்டையாக்கிய பாட்டில் நன்றாகப் பிரியும். ரொம்ப நசுக்கினாலும் ஆபத்து. பேலில் (அழுத்திக் கட்டிய பொதியில்) ஒன்றோடொன்று ஒட்டி வந்த இரண்டை மெஷின் ஒரே பொருளாகப் பார்க்கும்.

சரக்கை ஒற்றை அடுக்காகப் பரப்புவதும் அதே அளவு முக்கியம். 1 மீட்டர் அகலப் பெல்ட், மேலே சொன்ன வேகம், பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பாட்டில் என்றால், 25 கிராம் பாட்டில் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 2 டன். மீதி நான்கு பங்கு காலியாக ஓடுகிறதே என்று மனசு பதறி, சரக்கை இரட்டிப்பாகக் கொட்டுவது வழக்கமாக நடக்கிற தவறு. பாட்டில்மேல் பாட்டில் ஏறும். மேலே இருப்பதைத் தள்ளும்போது கீழே இருப்பதும் கூடவே பறக்கும். சுத்தமும் போச்சு, விளைச்சலும் போச்சு.

மெஷினுக்குக் கண் தெரியாத இடங்கள் சில உண்டு. முதலாவது கறுப்பு. கறுப்பு பிளாஸ்டிக்கில் சேர்க்கிற கார்பன் பிளாக் இந்த ஒளியை அப்படியே விழுங்கிவிடும். திரும்பி வர ஒன்றுமில்லை, சென்சாருக்கு அது வெறும் பெல்ட் மாதிரிதான். 3 முதல் 5 மைக்ரான் வரை பார்க்கும் நடு அகச்சிவப்புக் கேமராவில் கறுப்பும் பிரிந்து தெரியும், ஆனால் விலை வேறு உலகம். இரண்டாவது சட்டை, அதாவது பாட்டிலை முழுதாகப் போர்த்தும் சுருக்கு லேபிள். உள்ளே பெட், மேலே பிவிசி என்றால் மெஷின் பாட்டில் முழுவதையும் பிவிசி என்று தள்ளிவிடும். மூன்றாவது டால்க் தூள் கலந்த பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன். என்ஐஆருக்கு அது பிபி. ஆனால் 20 சதம் டால்க் இருந்தால் அடர்த்தி 1.04 ஆகி, பிறகு வரும் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிவிடும். மெஷின் ஒன்று சொல்ல, தொட்டி வேறு சொல்லும்.

மெஷின் இல்லாமல் முடியாத இடமும் ஒன்று உண்டு. பெட்டுக்குள் ஒளிந்திருக்கும் பிவிசி. தண்ணீர்த் தொட்டி இங்கே கைகொடுக்காது. பெட்டின் அடர்த்தி 1.33 முதல் 1.39, கெட்டிப் பிவிசி 1.32 முதல் 1.45. இரண்டும் சேர்ந்தே மூழ்கும். கண்ணுக்கும் இரண்டும் கண்ணாடி மாதிரி. பெட் உருகி ஓட 260 முதல் 280 டிகிரி வேண்டும். பிவிசி அதற்கு வெகு முன்பே சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கக்கும். அந்த அமிலம் பெட்டின் சங்கிலியை வெட்டும், நிறத்தைப் பழுப்பாக்கும், உருக்கும் மெஷினான எக்ஸ்ட்ரூடரின் பேரலையும் ஸ்க்ரூவையும் அரிக்கும். நல்ல தரம் கேட்கிறவர்கள் பொதுவாக வைக்கும் எல்லை 50 முதல் 100 பிபிஎம். 50 பிபிஎம் என்றால் ஒரு டன்னில் (பத்து லட்சம் கிராமில்) 50 கிராம், அவ்வளவுதான். இரண்டு மூன்று பாட்டில் போதும் எல்லையைத் தாண்ட.

வரும் சரக்கில் 1 சதம் பிவிசி என்றால் அது 10,000 பிபிஎம். மெஷின் அதில் 95 சதத்தைப் பிடித்தால் மீதி 500. இன்னொரு மெஷின் வழியாக விட்டு மறுபடி 95 சதம் பிடித்தால் 25. காகிதத்தில் அருமை. நடைமுறையில் இரண்டாவது மெஷின் அவ்வளவு பிடிக்காது. முதல் மெஷினை ஏமாற்றிய பாட்டில், அழுக்கோ எண்ணெயோ அடர்ந்த லேபிளோ இருந்ததால்தான் தப்பியது. அதே அழுக்கு இரண்டாவதையும் ஏமாற்றும். அதனால் இரண்டு மெஷினை முதுகோடு முதுகாக வைப்பதை விட, ஒன்றைக் கழுவுவதற்கு முன் பாட்டிலாகவும், மற்றதைக் கழுவிய பின் நறுக்கிய சில்லாகவும் பார்க்க வைப்பது மேல். நடுவில் ஏமாற்றிய காரணமே கழுவிப் போய்விடும்.

மிச்சம் எவ்வளவு பிவிசி என்று சோதிக்க ஓர் ஓவன் போதும். சில்லுகளை அலுமினியத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி 220 டிகிரியில் அரை மணி வையுங்கள். பெட் வெள்ளையாகும், உருகாது. பிவிசி பழுப்பாகி, பிறகு கறுக்கும். காற்றுப்போக்கி இல்லாத அறையில் செய்யாதீர்கள், வருவது அமிலப் புகை. பசை ஒட்டிய சில்லும் நைலான் கலந்ததும் நிறம் மாறும் என்பதால், சந்தேகப்பட்டதைக் பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியில் ஒற்றிச் சுடரில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின். இதில் பலரும் சறுக்குவது மாதிரியின் அளவில். 10 மி.மீ. சதுரம், 0.3 மி.மீ. தடிமன் உள்ள ஒரு சில்லின் எடை சுமார் 40 மில்லிகிராம். 1 கிலோ மாதிரியில் ஒரே ஒரு சில்லு அகப்பட்டாலே 40 பிபிஎம்! கிடைத்தால் 40, கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று சீட்டு எடுக்கிற கதைதான். லாட்டின் பல கோணிகளிலிருந்து எடுத்து, 10 கிலோவாவது சோதித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

சின்ன யூனிட் வைத்திருப்பவர் முதல் பணத்தை எதில் போட வேண்டும்? என் தீர்ப்பு: சார்ட்டரில் (என்ஐஆர் பிரிப்பு மெஷினில்) அல்ல, எம்எஃப்ஐ கருவியில். மேஜைமேல் அடங்குவது. எச்டிக்கு 190 டிகிரி, பிபிக்கு 230, இரண்டுக்கும் 2.16 கிலோ எடை. சில கிராம் சரக்கைப் போட்டு, வழியும் இழையைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை வெட்டி நிறுத்தால் எண் வந்துவிடும். இழையில் குமிழ் இருந்தால் மாதிரி ஈரம். காயவைத்து மறுபடி செய்யணும். கை பிரித்த கோணி ஒவ்வொன்றுக்கும் இந்த எண்ணை எழுதி ஒட்டினால், தழும்பு பார்த்துப் பிரித்த அந்த அறிவுக்கு வாங்குகிறவர் நம்பும் ஒரு சாட்சி கிடைக்கிறது. இப்போது அது தேவையும்கூட. 2022 பிப்ரவரியில் வந்த இபிஆர் (உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு) விதிகளின்படி, கெட்டியான பிளாஸ்டிக் பேக்கிங்கில் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கின் பங்கு 2025-26ல் 30 சதம், ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி 2028-29ல் 60 சதம். பெரிய வாங்குநர்கள் தானாவின் விலையோடு அதன் சோதனைத் தாளையும் கேட்பார்கள்.

அடுத்த பணம் தண்ணீர்த் தொட்டிக்கும் கழுவலுக்கும். பிபி, எச்டி மிதக்கும். பெட், பிவிசி, ஏபிஎஸ் (டிவி உடல் பிளாஸ்டிக்), பாலிஸ்டைரீன் மூழ்கும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூழ்க வேண்டியது மிதப்பது தினசரித் தொல்லை. சில்லின் முதுகில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் பெட்டும் மிதக்கும். துடுப்பு உருளை வைத்துச் சரக்கை நீருக்குள் அமுக்கிவிட வேண்டும். நுரையில்லாத சோப்பு கொஞ்சம் சேர்த்தால் நீர் பரவும். தொட்டி ஆழம் போதாமல் நீர் சுழன்றுகொண்டே இருந்தாலும் பிரியாது.

டிவி, கம்ப்யூட்டர் உடல்கள் வருகிற இடத்தில் உப்புத் தொட்டி உதவும். 88 லிட்டர் தண்ணீருக்கு 12 கிலோ சாதா உப்பு என்றால் அடர்த்தி சுமார் 1.085. ஏபிஎஸ், ஹிப்ஸ் (எளிதில் உடையாத பாலிஸ்டைரீன் வகை) இரண்டும் 1.05 அளவு அடர்த்தி என்பதால் மிதக்கும். தீத்தடுப்புக்கு புரோமின் சேர்த்தது மூழ்கும். ஏபிஎஸ்ஸையும் ஹிப்ஸையும் ஒன்றிலிருந்து ஒன்று இந்தத் தொட்டி பிரிக்காது. பிசி (பாலிகார்பனேட்) கலந்த ஏபிஎஸ்ஸும் சேர்ந்து மூழ்கிவிடும். அதை அப்புறம் கையால்தான் பொறுக்கணும். ஹைட்ரோமீட்டர் தொட்டியிலேயே தொங்கட்டும், ஏனென்றால் ஈரச் சரக்கு உள்ளே போகப் போக உப்பு நீர்த்துக்கொண்டே வரும். வெளியே வந்த சில்லை நல்ல நீரில் இரண்டு முறை அலசாவிட்டால், மிச்ச உப்பு எக்ஸ்ட்ரூடர் பேரலைத் தின்னும்.

பெட் கழுவ 80 முதல் 90 டிகிரி நீர், 1 முதல் 2 சதம் காஸ்டிக் சோடா, 10 முதல் 15 நிமிடம். பசை போக அதற்கு மேல் காஸ்டிக் ஏற்றினால் சில்லின் மேற்பரப்பே அரிபடும். கடைசி அலசல் நீரில் பிஎச் தாள் நடுநிலை காட்டும் வரை நிறுத்தக் கூடாது. மிச்சக் காஸ்டிக் உலர்த்தியில் மஞ்சளாக முகம் காட்டும்.

மும்பைக்கு என்றே ஒரு சேதி பாக்கி. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த எண்ணும் மார்ச் மாத எண்ணாக இருக்காது. ஈரப் பாட்டிலின் மேலிருக்கும் நீர் 1450 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சி கைரேகையைக் கலைக்கும். பேல்களைக் கூரைக்கடியில் ஒரு நாளாவது பிரித்துப் போட வேண்டும். கம்ப்ரசரில் தேங்கும் நீரை ஷிஃப்டுக்கு ஒருமுறை வடிக்காவிட்டால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு குழல் செத்தால் பெல்ட்டில் அந்த அகலத்துக்கு மட்டும் பிவிசி தொடர்ந்து தப்பும், மொத்தச் சராசரியில் அது தெரியவே தெரியாது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகத் திறந்து, மேலே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பெட் உலர்த்தியிலும் அதே கதை. 50 பிபிஎம்முக்குக் கீழே ஈரம் வர 160 முதல் 170 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம், பனிநிலை (காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலை) மைனஸ் 40 உள்ள காற்று வேண்டும். மழைக்காலத்தில் உலர்த்திக் காற்றின் பனிநிலையைக் கருவியில் பார்க்காமல் நேரத்தை மட்டும் நம்பினால், சில்லு வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். எக்ஸ்ட்ரூடரில் அந்த நீரே சங்கிலியை வெட்டி ஐவி (சங்கிலி நீளத்தைக் காட்டும் எண்) இறங்கிவிடும். பாட்டில் தானாவாகப் போக வேண்டியது நூல் தானாவாகப் போகும்.

கறுப்புக் கேன்களை என்ன செய்வது என்று கேட்டால், அது இன்னும் கையின் வேலைதான். கவிழ்த்து அடியைப் பார், நகத்தால் கீறு, கல்லில் தட்டிச் சத்தம் கேள், ஒரு துணுக்கைக் கொளுத்தி மோந்து பார். மெழுகுவத்தி வாசம் என்றால் எச்டி அல்லது பிபி, கறுப்புக் கரி பறந்தால் ஸ்டைரீன் குடும்பம். எச்டியா பிபியா என்று நிற்கும் கடைசிச் சந்தேகத்துக்கு மட்டும், மேஜைமேல் இருக்கும் எம்எஃப்ஐ கருவியை 150 டிகிரிக்கு வைத்து ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். எச்டி இளகிவிடும், பிபி இளகாமல் நிற்கும்.