ஓட்டு கேட்டு வர்றவரோட படிவம் 26

ஓட்டு கேட்டு வர்ற வேட்பாளர் கொடுக்கிற நோட்டீஸை ஓரமா வெச்சுட்டு, வேட்புமனுவோட அவர் தாக்கல் செய்யிற படிவம் 26-ஐப் படிங்க. சொத்து, வருமானம், வழக்கு விவரத்தை அவரே சத்தியம் பண்ணிச் சொல்ற பிரமாணப் பத்திரம் அது. தேர்தல் ஆணையத்தோட இணையதளத்துல எல்லாரும் பார்க்கலாம்.

நேரா அசையாச் சொத்துப் பகுதிக்குப் போங்க. விவசாய நிலம்னா ஊர், சர்வே எண், பரப்பு, வாங்கின தேதி, வாங்கின விலை, இன்றைய மதிப்பு எல்லாம் இருக்கணும். தொழில் "விவசாயம்"னு போட்டவரோட நிலம் வயக்காடா, பைபாஸ் ஓரத்து மனையான்னு அங்கேயே தெரிஞ்சிடும். மனைவி, சார்ந்தவங்க பேர்ல இருக்கிறது தனிக் கட்டத்துல வரும். அதைத்தான் நிறைய பேர் பார்க்காம விட்டுடறாங்க. 5 வருஷ வருமானக் கணக்கையும் சேர்த்து வெச்சுப் பாருங்க.

குற்ற வழக்கு இருந்தா 3 தடவை பத்திரிகையிலயும் டிவியிலயும் அவரே விளம்பரம் கொடுக்கணும்.

அடுத்தது வாக்குறுதி. டெல்டா தொகுதியில "தூர்வாருவோம்"னு சொன்னா அதோட விட்டுடாதீங்க. எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், எந்த மாசம்னு கேளுங்க. பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அதனால ஏப்ரல், மேயிலயே வேலை முடியணும். தண்ணி வந்தப்புறம் அவசரமா வாரி கரை விளிம்புல கொட்டுற மண்ணு, ஒரு நல்ல மழைக்கே திரும்ப வாய்க்காலுக்குள்ள சரிஞ்சிடும். வாய்க்காலோட கடைசியில இருக்கிற கடைமடை வயலுக்குத் தண்ணி ஏறவே ஏறாது.