680 மைல், ஐந்து பேர், ஒரு நகரும் வீடு

ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலா போனால் ஓட்டல் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேற்றுதான் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு மேஜை முழுக்க ரசீதுகள் கிடக்கின்றன. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எரிச்சல் பாதிதான், மீதி சந்தோஷம். அதனால் எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று எனக்கே தெரியாது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கத்தில். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். திருநெல்வேலியில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைக் காட்ட வேண்டும், அவருக்கோ வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. சமையலறையையே கூட்டிக்கொண்டு போய்விடலாமே என்று என் மனைவி கேட்டதில் ஆரம்பித்தது இது. அக்டோபரில் ஐந்து இரவுக்கு 25 அடி நீள வண்டி ஒன்றைப் பதிவு செய்தோம். முன்பக்கம் ஃபோர்டு வேன், பின்பக்கம் பெட்டி மாதிரி வீடு, ஓட்டுகிறவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை. இந்த ரகத்துக்கு கிளாஸ் சி என்று பெயர். சாதாரண கார் உரிமமே போதும்.

வாடகைக் கடையில் ஒரு இளைஞர் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுச் சாவியை நீட்டினார். அடுத்த ஆள் காத்திருக்கிறாராம். இங்கேதான் நீங்கள் அசையக்கூடாது. வண்டியைச் சுற்றி, உள்ளே, கூரையின் விளிம்பு வரை எல்லாவற்றையும் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். ஓடிய மைல், ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு இரண்டையும் படம் பிடியுங்கள். நான் எடுத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது பின்பக்க மூலையில் இருந்த ஒரு கீறலுக்கு 400 டாலர் என்றார்கள். வீடியோவைக் காட்டியதும் அந்தப் பேச்சே காணாமல் போய்விட்டது.

கிளம்பும்போது அப்பா பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்தார். "அப்பா, வாடகை வண்டிக்கா?" என்றேன். "ஏலே, வண்டி எவனுதா இருந்தா என்ன, உக்காந்து போறது நாமதான?" என்றார். பின்பக்கம் ஒவ்வொரு புறமும் இரண்டு டயர் ஜோடியாக இருப்பதைப் பார்த்து, நான்கு பழம் போதுமா ஆறு வேண்டுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

முதல் பாடம் இருபதாவது நிமிஷத்திலேயே கிடைத்தது. சிக்னலில் இடப்பக்கம் திரும்பினேன், பின்னால் 'தொம்' என்று சத்தம். ஃபிரிட்ஜ் கதவின் கொக்கியைப் போடாமல் விட்டிருக்கிறோம். மூன்று நாளைக்கென்று அரைத்து வைத்த இட்லி மாவு முழுக்கத் தரையில். அது கதவு இடுக்கிலும், அப்பா செருப்பிலும், நாற்காலி திருகுகளிலும் போய்ச் சேர்ந்ததைத் துடைக்க ஒரு பெட்ரோல் பங்கில் முக்கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து என் மகள்தான் செக்கிங் இன்ஸ்பெக்டர். புறப்படும் முன் ஃபிரிட்ஜ் கொக்கி, அலமாரிக் கதவுகள், கூரை ஜன்னல், வெளிப்படி, கரண்ட் ஒயர், தண்ணீர் ஹோஸ் என்று வரிசையாகச் சத்தமாகக் கேட்பாள், நாங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருவரும் மனப்பாடத்தை நம்பவில்லை, தாளில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டோம். வண்டியின் உயரத்தையும் அங்கேயே எழுதி வையுங்கள். எங்கள் வண்டி பன்னிரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. காபிக் கடைகளில் வண்டியில் இருந்தபடியே வாங்கிப் போகும் டிரைவ்-த்ரூ கூரை பலவும் ஒன்பது அடிதான்.

ஓட்டுவதில் பயப்பட வேண்டியது நீளத்துக்கு அல்ல, வாலுக்கு. பின் சக்கரத்துக்கு அப்புறமும் ஏழெட்டு அடி வண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வலப்பக்கம் திருப்பினால் அந்த வால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் அப்படித்தான் மஞ்சள் கம்பத்தை முத்தமிடப் பார்த்தது. ரிவர்ஸ் எடுக்க அப்பா கைகொடுத்தார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. ஊரிலிருந்து விசிலைக் கொண்டு வந்திருக்கிறார் மனிதர்! இந்த வண்டிகள் ராத்திரி தங்கும் முகாம்களில் எத்தனையோ தம்பதிகள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவரை ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் விசிலிலேயே முடித்தோம். விசில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நில் என்பதற்கு என்ன சைகை என்று இறங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பின்னால் நிற்பவர் உங்கள் கண்ணாடியில் தெரியவில்லையா, உடனே பிரேக்.

முதல் இரவு கேம்ப் வெர்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு தனியார் முகாமில். தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் உண்டு, இதைத்தான் ஃபுல் ஹூக்கப் என்கிறார்கள். 62 டாலர். கரண்ட் 30 ஆம்ப். இங்கே 120 வோல்ட் என்பதால் மொத்தமே 3,600 வாட்தான். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மனைவி 'இன்ஸ்டன்ட் பாட்' என்கிற கரண்ட் குக்கரில் பருப்பு வைத்தாள், நான் மைக்ரோவேவில் பால் வைத்தேன். இருட்டு. ஏசி கிட்டத்தட்ட 1,500 வாட், மைக்ரோவேவ் அதே அளவு, குக்கர் 1,000. கூட்டிப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. சமைக்கும்போது ஏசியை நிறுத்துங்கள், அவ்வளவுதான். பிளக்கைச் செருகும் முன்னும் பிடுங்கும் முன்னும் கம்பத்தில் இருக்கும் பிரேக்கரை அணைத்துவிடுங்கள்.

பக்கத்து இடத்தில் ஒரு வயதான தம்பதி. வீட்டை விற்றுவிட்டு நான்கு வருஷமாக ஆர்.வி.யிலேயே குடியிருக்கிறார்களாம். நான் ஹோஸை நேராகக் குழாயில் மாட்டுவதைப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர் ஓடி வந்தார். சில முகாம்களில் தண்ணீர் அழுத்தம் அதிகம், வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும் என்றார். நடுவில் ஒரு பித்தளை ரெகுலேட்டர் மாட்ட வேண்டும், விலை பத்துப் பதினைந்து டாலர்தான். தம்மிடமிருந்த ஒன்றை இரவலாகத் தந்தார். சொந்த வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. டயர் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆர்.வி. வருஷத்தில் பாதி நாள் நின்றே இருக்கும், டயரின் பட்டை புதுசு போலத்தான் தெரியும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும்.

மறுநாள் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு. ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது, நான் வலது ஓரத்திலேயே நகர்ந்தேன், மைலேஜைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். மேதர் முகாமில் இரண்டு இரவு. ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டிய இடம், 30 அடி வரையுள்ள வண்டிகளுக்குத்தான் அனுமதி, ஹூக்கப் எதுவும் கிடையாது. பைன் மரங்களுக்கு நடுவே நின்றோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் எல்க் மான் ஒன்று எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கிறது, காங்கேயம் காளையைவிட உயரம். அப்பா காபி டம்ளரோடு அசையாமல் நின்றார். பள்ளத்தாக்கைப் பார்த்தபோதுகூட அவர் அப்படி நிற்கவில்லை.

ஆனால் அதற்கு முந்தைய ராத்திரியைச் சொல்ல வேண்டும். தென்விளிம்பு கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், அக்டோபரில் ராத்திரி உறைநிலை வரை இறங்கும். ஹீட்டர் புரொபேன் வாயுவில்தானே ஓடுகிறது, கரண்ட் எதற்கு என்று நினைத்து 72 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்துத் தூங்கினோம். அதிகாலை நான்கு மணிக்கு எல்லோருக்கும் பல் கிட்டித்தது. வாயு இருக்கிறது, ஆனால் சூட்டை வீட்டுக்குள் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது, அந்த பேட்டரி செத்துவிட்டது. ஃபிரிட்ஜ் வாயுவில் ஓடினாலும் அதன் மூளைக்கும் பேட்டரி வேண்டும், அதுவும் நின்றுவிட்டது. ஜெனரேட்டரைப் போடலாம் என்றால் முகாமில் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரம்தான் அனுமதி. ஐந்து பேரும் ஒரே கட்டிலில், எல்லாப் போர்வையும் மேலே. அப்பா மட்டும் குரங்குக் குல்லாவோடு நிம்மதியாக இருந்தார். அடுத்த நாள் மாலை அனுமதி நேரம் முழுக்க ஜெனரேட்டரை ஓட்டி பேட்டரியை நிரப்பினோம், சூட்டை 58-இல் வைத்தோம், விளக்குகளை அணைத்தோம். விடியும் வரை தாங்கியது.

அந்த உயரத்தில் இன்னொரு சங்கதி, சாதம் வேகாது. தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பாத்திரத்தில் அரிசி நறுக்கென்று நிற்கும். ஊரிலிருந்து வந்த மூன்று லிட்டர் குக்கர்தான் காப்பாற்றியது, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட வைத்தோம். (விசில் என்றதும் அப்பா திரும்பிப் பார்ப்பார்.) தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வற்றல் மிளகாயும் பெருங்காயமும் எண்ணெயில் விழுந்த நொடியில் கூரையிலிருக்கும் புகை அலாரம் ஊளையிட்டது, நான்கு வண்டி தள்ளி இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். பூங்காவுக்குள் இலவசப் பேருந்து முகாமுக்கே வருகிறது. ஆர்.வி.யை எடுப்பதென்றால் வீட்டையே மூட்டை கட்ட வேண்டும், போகிற இடத்தில் நிறுத்த இடமும் தேட வேண்டும். அப்பா, பேருந்து ஓட்டுநரின் அறிவிப்பையெல்லாம் கூர்ந்து கேட்டுவிட்டு, "டிக்கெட்டே கிடையாதா?" என்று மூன்று முறை கேட்டார்.

இனி யாரும் பேச விரும்பாத விஷயம். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டி. நல்ல தண்ணீர் ஒன்று, குளியல் மற்றும் பாத்திரத் தண்ணீருக்கு கிரே டேங்க், கழிப்பறைக்கு பிளாக் டேங்க். இவற்றைக் காலி செய்யும் இடம் டம்ப் ஸ்டேஷன். முதலில் பிளாக், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் வந்து ஹோஸைக் கழுவிவிடும். ஹூக்கப் உள்ள இடத்திலும் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் வடிந்துபோய், வடியாதது குவிந்து காய்ந்துவிடும், அப்புறம் அதை அசைக்க முடியாது. கழிப்பறையில் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள், சீக்கிரம் கரையும் ஆர்.வி. காகிதம் தவிர வேறு எதுவும் போடாதீர்கள். எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும் விளக்கை நம்பாதீர்கள். காகிதம் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியும் முக்கால் என்றுதான் காட்டும்.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் போனேன். கையுறை மாட்டி, குனிந்து, குழாய் மூடியைத் திருகினேன். வால்வு சரியாக மூடாத வண்டியாம் அது. மூடிக்குப் பின்னால் தேங்கி நின்றது என் காலணி மேல் இறங்கியது. பின்னால் மூன்று வண்டி வரிசையில். மனைவி ஜன்னலைச் சாத்தினாள். அந்தக் காலணியைப் பற்றி இனிப் பேச வேண்டாம். மூடியைத் திறக்கும் முன் அடியில் ஒரு பழைய வாளி வையுங்கள். அங்கே கழுவுவதற்கென்று தொங்கும் குழாயில் குடிநீர் பிடித்துவிடாதீர்கள். குடிநீருக்கு வெள்ளை ஹோஸ் தனி, அதைக் கழிவு ஹோஸோடு ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது.

அந்தக் கசப்பை மறக்கடித்தது கேமரன் டிரேடிங் போஸ்ட். 1916-இல் தொடங்கிய பழைய வணிகக் கடை, நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில், லிட்டில் கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே நவஹோ டாக்கோ. தாம்பாளம் அளவு ஃப்ரை பிரெட் என்கிற பொரித்த ரொட்டி, மேலே பீன்ஸ், தக்காளி, பச்சை மிளகாய், சீஸ். இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாத அப்பா ஒரு விள்ளல் பிய்த்துவிட்டு, "இது சோளா பூரிலே!" என்றார். ஒன்று இரண்டு பேருக்குப் போதும். தெரியாமல் நான்கு வாங்கினோம், ராத்திரி பேஜ் ஊரில் அதையே சூடு பண்ணிச் சாப்பிட்டோம். பேஜில் கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. அந்த வாகன நிறுத்தம் நகராட்சியுடையது, தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது.

சரி, கணக்கு. வாடகை ஐந்து இரவுக்கு 700 டாலர். மைலுக்கு 45 சென்ட், 680 மைலுக்கு 306. இதைப் பதிவு செய்யும்போது பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், யார் படித்தது? பாத்திரம், படுக்கை விரிப்பு என்று 150. எங்கள் வீட்டில் இல்லாத பாத்திரமா? பெட்ரோல் 80 கேலன், ஏறக்குறைய 290. ஒரு கேலனுக்கு எட்டரை மைல்! முகாம்கள் எல்லாம் சேர்த்து 230. ஜெனரேட்டர் மணிக்கணக்குக்கு 20. மொத்தம் 1,696, வரியும் காப்பீடும் தனி. எங்கள் காரில் போய் இரண்டு மோட்டல் அறை எடுத்திருந்தால் 1,300-இல் முடிந்திருக்கும். அடுத்த முறையும் ஆர்.வி.தான் என்று பிள்ளைகள் இப்போதே தீர்மானித்துவிட்டார்கள், பாத்திரத்தை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போவேன்.

ரசீதில் இன்னும் ஒரு வரி பாக்கி, 'காணாமல் போன பொருள், 30 டாலர்'. கடைசி இரவு ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம். குளிரில் ஹோஸுக்குள் தண்ணீர் உறைந்துவிடும், ராத்திரியே கழற்றி வடியவிடுங்கள் என்று ரெகுலேட்டர் தந்த பெரியவர் சொல்லியிருந்தார். சொன்னபடியே கழற்றி, தண்ணீரை வடித்து, பைன் மரக் கிளையில் அழகாகச் சுருட்டி மாட்டினேன். காலையில் மகள் "தண்ணீர் ஹோஸ்?" என்று கேட்டாள். குழாயைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை, "ரைட்" என்றேன். தாத்தா இரண்டு விசில் அடித்தார். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஏதாவது முகாமில் வெள்ளை ஹோஸ் ஒன்று மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டியாகிவிட்டது.