கூடாரப் பண்டிகையில் எருசலேம்: அம்மாவின் பொருத்தனை நிறைவேறியது

அப்பாவுக்கு பைபாஸ் நடந்த அன்றைக்கே அம்மா பொருத்தனை பண்ணிவிட்டார்கள், அப்பா எழுந்து நடந்தால் இரண்டு பேருமாக எருசலேமுக்குப் போய் ஸ்தோத்திரம் சொல்வோம் என்று. அப்பா எழுந்தார்கள், நடந்தார்கள், தோட்டத்துக்கும் போக ஆரம்பித்தார்கள், பணம்தான் சேரவில்லை. கடைசியில் தம்பி துபாயிலிருந்து அனுப்பிக் கொடுத்தான். முழங்கால் வலியோடு அம்மா, மாத்திரை டப்பாவோடு அப்பா, துணைக்கு நான். யூதர்களுடைய கூடாரப் பண்டிகைக்குப் போகும் ஒரு குழுவில் சேர்ந்தோம். எல்லாரும் நெல்லை, நாகர்கோவில் பக்கத்து ஆட்கள், சபைப் போதகரான ஐயரும் அவர் மனைவி ஐயரம்மாவும் கூடவே.

எகிப்து வழியாகத்தான் பயணம். சீனாய் மலையில் நடுராத்திரி ஏறினோம், 2285 மீட்டர். அம்மாவும் அப்பாவும் கீழேயே தங்கிவிட்டார்கள், நல்லதாகப் போயிற்று. நடந்தே ஏறுகிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒட்டகக்காரர்கள் விடுவதில்லை, ‘கேமல், கேமல்’ என்று இருட்டில் பின்னாலேயே வருகிறார்கள். ஏறிக்கொண்ட ஒரு அக்காவிடம் கீழே ஒரு விலை, மேலே ஒரு விலை. அந்த ஒட்டகமும் கடைசி 750 படிகளுக்கு வராது, அதை நாமேதான் ஏறணும்.

அதைவிடப் பெரிய பாடு பஸ்ஸுக்குள். முன் சீட்டு யாருக்கு என்று தினமும் காலையில் சண்டை. போதாததற்கு, இருவருக்கு ஒரு அறை என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள் எருசலேமில் மூன்று பேரை ஒரே அறையில் போட்டார்கள். ஜெபம் பண்ண வந்த இடத்தில் கட்டிலுக்கு அடித்துக்கொள்கிறோமே என்று ஐயரம்மா வாய்விட்டே சொன்னார்கள், யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் வழிகாட்டி வயதான யூதர், தலையில் குல்லா, மெதுவான ஆங்கிலம், ஐயர் அதைத் தமிழில் சொல்வார். இந்தச் சண்டையெல்லாம் அவருக்கு மொழி தெரியாமலே புரிந்திருக்கிறது. மைக்கை எடுத்து மலைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கர்த்தர் தம் கட்டளைகளான நியாயப்பிரமாணத்தைக் கொடுக்க இறங்கப்போகிறார் என்றதும் தாபோரும் கர்மேலும் நான்தான் உயரம், நான்தான் அழகு என்று போட்டிக்கு வந்தனவாம். எதுவும் கேட்காமல் கிடந்த தாழ்ந்த சீனாயைத்தான் கர்த்தர் தேர்ந்தெடுத்தார் என்பது யூத குருமாரான ரபிமார் சொல்வது. தாழ்ந்த மலையாம்! இரண்டு காலும் கட்டையாகிக் கிடந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த மலை உண்மையான சீனாய் என்று யூதர்களுக்கே உறுதியாகத் தெரியாது என்று சொல்லி அவரும் சிரித்தார். பெருமை பிடித்தவனைப் பற்றி ‘அவனும் நானும் ஒரே உலகத்தில் சேர்ந்து இருக்க முடியாது’ என்று கர்த்தர் சொல்வதாக யூதர்களின் போதனை நூலான தல்மூதில் இருக்கிறதாம். அதைக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எருசலேமில் இருந்த யூதர்களின் தேவாலயம் கி.பி. 70-இல் இடிபட்டது, அது இருந்த காலத்தில் அங்கே நடந்த பத்து அற்புதங்களை மிஷ்னா என்கிற பழைய யூத நூலில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று, பண்டிகை ஜனம் நெருக்கியடித்து நிற்கும், ஆனால் விழுந்து பணியும்போது ஆளாளுக்குத் தாராளமாக இடம் இருக்கும். பக்கத்தில் இருப்பவரின் பாவ அறிக்கை இன்னொருவர் காதில் விழாதபடி நாலு முழம் இடைவெளி என்று பின்னால் வந்தவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். நிமிர்ந்து நிற்கிறவர்களுக்குத்தான் இடம் போதாது, குனிகிறவர்களுக்குப் போதும் என்றார் அவர். பத்தாவது அற்புதம், ‘எருசலேமில் தங்க எனக்கு இடம் போதவில்லை’ என்று ஒருவரும் சொன்னதில்லை என்பது. அதைச் சொல்லிவிட்டு எங்கள் அறைப் பட்டியலைக் கையில் எடுத்து ஆட்டினார் பாருங்கள், பஸ்ஸே அடங்கிவிட்டது.

மறுநாள் காலை யூத ஆசாரியர்கள் கூடி ஜனங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லும் நாள். பழைய நகரத்தின் குப்பைமேட்டு வாசல் வழியாக, இடிபட்ட தேவாலய வளாகத்தின் மேற்குச் சுவருக்குப் போனோம். சோதனை வரிசையிலேயே அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. கையில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்கிறவர்கள் வேறு, வேண்டாம் என்று கையை இழுத்தாலும் விடாமல். அப்பா ஆண்கள் பக்கம் போய்விட்டார்கள். பெண்கள் பக்கமோ சின்னது, மூச்சு விட இடமில்லை, தடுப்பு ஓரத்தில் நாற்காலி மேல் ஏறி ஆண்கள் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருக்கிறவர்கள். பக்தியாகத் தள்ளினாலும் தள்ளுவது தள்ளுவதுதான், என் விலா எலும்புக்குத் தெரியும். ‘ஏட்டி, எனக்கு இங்கன நின்னாலே போதும், கண்ணால பாத்துட்டேன்லா’ என்றார்கள் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து, சுவரைத் தொடாமலே திரும்பவா?

அப்போது ஒலிபெருக்கியில் ஆசீர்வாதம் ஆரம்பித்தது. ஒரு அதட்டலும் இல்லாமல் எல்லாப் பெண்களும் தலையைக் குனிந்தார்கள், சிலர் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எட்டிப் பார்த்தவர்களும் குனிந்துவிட்டார்கள். சொற்கள் புரியாவிட்டாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்’ என்று தமிழில் கூடவே முணுமுணுத்தார்கள். முடிந்ததும் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, தலையில் நீலத் துணி, அம்மாவை விட நாலைந்து வயது கூட இருக்கும், திரும்பி அம்மாவின் காலைப் பார்த்தார்கள். எழுந்து, தன் நாற்காலியை விட்டு, ‘ஷ்வி, ஷ்வி’ (உட்காரு, உட்காரு) என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். அவர்கள் நகர்ந்ததைப் பார்த்து அடுத்தவள் நகர்ந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. அற்புதம் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். இடம் வானத்திலிருந்து வரவில்லை, விடியற்காலையிலேயே வந்து பிடித்த இடத்தை ஒருவர் கொடுத்ததால் வந்தது.

அம்மா கல்லில் நெற்றியை வைத்து 131-ஆம் சங்கீதத்தைச் சொன்னார்கள். ‘கர்த்தாவே, என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல’ என்று ஆரம்பித்து, ‘பால்மறந்த குழந்தையைப்போல’ வரைக்கும் வந்து, அதற்கு மேல் குரல் வரவில்லை. நான் அப்பாவின் பேரை எழுதிய சீட்டை இடுக்கில் சொருகினேன். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது.

வெளியே அப்பாவைக் கண்டுபிடிக்கவே தனிப் பாடு. ஆண்கள் பக்கம் நடந்ததை அப்பா சொன்னார்கள்: ஆசாரியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையிலிருந்து சால்வையை இழுத்து முகத்தையும் கையையும் மூடிக்கொண்டுதான் ஆசீர்வதித்தார்களாம், யார் எவர் என்றே தெரியவில்லையாம். ‘நான் அவர்களை ஆசீர்வதிப்பேன்’ என்று வேதத்தின் எண்ணாகமத்தில் கர்த்தர்தானே சொல்கிறார், ஆசாரியனுக்கு அதில் பேர் கிடையாது என்று வழிகாட்டி விளக்கினார். ‘நம்ம ஐயரும் ஞாயித்துக்கிழம இதத்தானல சொல்லுதாரு’ என்று பக்கத்தில் நின்ற பையனிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்கள், கண்ணெல்லாம் சிவந்து.

ஸ்தோத்திரம் ஆண்டவரே. அப்பாவின் இருதயத்துக்கு, அம்மாவின் முழங்காலுக்கு, துபாய் வெயிலில் நிற்கும் தம்பிக்கு, பேர் கூடத் தெரியாத அந்த நீலத் துணிப் பாட்டிக்கு, கடைசி வரை முன் சீட்டை விடாத அந்த அண்ணாச்சிக்கும் சேர்த்துத்தான், அவர்தான் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் எங்கள் பெட்டி மூன்றையும் இழுத்து வந்தார்.