கார்லாவராக் கோட்டை மாடல்: இடிக்கும் வேலை ஆரம்பம்

ஸ்காட்லாந்தின் கார்லாவராக் கோட்டை மாடலில் சுவர் வேலை முடிந்து, இப்போது இடிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறேன். இடிபாட்டை இடிந்த வடிவிலேயே வெட்டி ஒட்டலாம்தான். ஆனால் முழுச் சுவரையும் எழுப்பி, அப்புறம் கையால் பிய்த்தால்தான் விளிம்பு நம்பும்படி வருகிறது.

இதைத் தேர்ந்தெடுத்ததே அதன் முக்கோண வடிவத்துக்காக. டம்ஃப்ரீஸ் நகரத்துக்குத் தெற்கே, சால்வே கழிமுகத்தை ஒட்டிய சதுப்பில், அகழி சூழ நிற்கிறது. வடக்கு முனையில் இரட்டைக் கோபுர வாசல், மற்ற முனைகளில் ஒவ்வொரு கோபுரம். 1300 ஜூலையில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு இதை முற்றுகையிட்டார். அதைப் பற்றிய பழைய பிரெஞ்சுப் பாட்டு, கோட்டை கேடயம் போல் இருப்பதாகச் சொல்கிறது. அரசரே பெரும்படையோடு வந்து நின்ற இடத்தில், சரணடைந்து வெளியே வந்தவர்கள் வெறும் 60 பேர்!

சுவருக்கு ஃபோம் போர்டு. மேல் காகிதத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்துவிட்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கல் வரிசைகளைக் கீறினேன். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அங்கங்கே அழுத்தினால் மணற்கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். அசல் கோட்டை செம்மணற்கல். அதற்கு ரெட் ஆக்சைடு நிறம் அடித்து, காய்ந்ததும் வெளிர் சாம்பலை உலர்ந்த தூரிகையால் லேசாகத் தேய்த்தேன். ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் வேண்டாம், ஃபோமைக் கரைத்துவிடும்.

எந்தக் காலத்து இடிபாட்டைக் காட்டுவது என்பதில்தான் நிறைய யோசனை. கோட்டை மேக்ஸ்வெல் குடும்பத்துடையது. ஆங்கிலேயர் கையில் சிக்கினால் ஆபத்து என்று 1312-இல் யூஸ்டஸ் மேக்ஸ்வெல் தானே அதைச் சிதைத்தார். பிறகு திரும்பக் கட்டினார்கள். நான் எடுத்துக்கொண்டது 1640. ஜான்ஸ்டன் குடும்பத்தோடு இருந்த பகையில் அந்தக் குடும்பத் தலைவரைக் கொன்றதற்காக ஜான் மேக்ஸ்வெல் பிரபு 1613-இல் தலை வெட்டப்பட்டார். அவர் தம்பி ராபர்ட் 1620-இல் நித்ஸ்டேல் எர்ல் என்ற உயர் பிரபுப் பட்டம் பெற்று, 1634 வாக்கில் கிழக்குச் சுவரை ஒட்டி உள்ளே ஒரு மாளிகை கட்டினார். ஜன்னல்களுக்கு மேலே சிற்பங்கள், குலச்சின்னங்கள் என்று ஒரே அலங்காரம். ஆறே வருடம். அரசர் முதலாம் சார்லஸ் பக்கம் நின்றதால் கவனன்டர் படை, அதாவது அரசரின் மதக் கொள்கையை எதிர்த்த ஸ்காட்லாந்துக்காரர்களின் படை, 13 வாரம் முற்றுகையிட்டது. கோட்டை பணிந்ததும் தெற்குச் சுவரையும் தென்கிழக்குக் கோபுரத்தையும் இடித்துவிட்டார்கள்.

மாடல் செய்பவனுக்கு அந்த இடிப்பு ஒரு வசதி. தெற்குப் பக்கம் திறந்து கிடப்பதால் கூரையைக் கழற்றாமலே மாளிகையின் முகப்பு முழுசாகத் தெரிகிறது. ஜன்னல் சிற்பங்களை எம்சீலில் செய்கிறேன். இந்த அளவில் மான் உருவம் மானாகத் தெரிந்தாலே போதும்.

குடும்பத்தின் கடைசி எர்ல் வில்லியம், பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தைத் திரும்ப அரியணை ஏற்ற நடந்த 1715 யாக்கோபியக் கிளர்ச்சியில் பிடிபட்டார். மரண தண்டனைக்கு முந்தின நாள் மாலை, அவர் மனைவி வினிஃப்ரெட் அவருக்குப் பெண் உடை உடுத்தி லண்டன் டவர் சிறையிலிருந்து வெளியே கூட்டிவந்துவிட்டார். என் தங்கை அந்தக் கோலத்தில் ஒரு பொம்மை வைக்கச் சொல்கிறாள். நடந்தது லண்டனில் என்றாலும் கேட்பதாயில்லை.

அடுத்து அகழி. தண்ணீர் போலக் காட்ட ஊற்றும் ரெசின் விலை கட்டுப்படியாகாது. பச்சை கலந்த பழுப்பு அடித்து, மேலே பளபளப்பு வார்னிஷைப் பல பூச்சாக விடப்போகிறேன்.