நடந்து வந்த நோயாளி

எங்கள் ரப்பர் தோட்டம் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. மேற்பார்வைப் பணியில் உள்ளவர்களுக்கு அண்மையில் நடந்த முதலுதவிப் பயிற்சியில், ஒரே நேரத்தில் பலருக்கு ஆபத்து வந்தால் யாரை முதலில் கவனிப்பது என்பதற்கு ‘ஸ்டார்ட்’ என்னும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். 1983-இல் கலிபோர்னியாவில் உருவான அந்த முறையில், நடக்க முடிந்தவர்களை முதலில் ஒதுங்கி நிற்கச் சொல்லி, ‘காத்திருக்கலாம்’ என்று பொருள்படும் பச்சை அட்டை கொடுத்துவிடுவார்கள். மற்றவர்களின் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும், சொன்னதைப் புரிந்து செய்யும் தெளிவையும் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பிரிப்பார்கள். பேருந்து விபத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் ‘நடக்க முடிகிறதா’ என்னும் முதல் கேள்வியே எங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவரைப் பாம்பு கடித்தால், அவர் பெரும்பாலும் தாமாகவே நடந்து வந்து, “சாரையாகத்தான் இருக்கும்” என்று நமக்கே ஆறுதல் சொல்வார். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாது; ஆனால் சில மணி நேரத்தில் இமைகள் சரிந்து, மூச்சுவிடும் தசைகளே செயலிழக்கக்கூடும். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது என்பதால், மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையைத் தோட்டத்தில் நாம் செய்ய முடியாது. ஆகவே கடிபட்டவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசையாதபடி பலகை வைத்துக் கட்டி, அவரை மேற்கொண்டு ஓர் அடிகூட நடக்கவிடாமல் தூக்கிச்சென்று முதல் வண்டியில் ஏற்ற வேண்டும். நெஞ்சு கனக்கிறது, வியர்க்கிறது என்று சொல்லிவிட்டு, “கேஸ்தான்” என்று சுக்குக்காப்பி கேட்கும் பெரியவருக்கும் அதே வண்டியில் இடம் வேண்டும்.

பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலம் கண்ணில் தெறித்தவரின் நிலை நேர்மாறானது. அவரை உடனே ஜீப்பில் ஏற்றத்தான் எல்லோரும் துடிப்பார்கள். ஆனால் அவருக்கு முதலில் வேண்டியது வண்டியல்ல, குழாயடி. குறைந்தது 20 நிமிடமாவது ஓடும் நீரில் கண்ணைக் கழுவிய பிறகே அவர் புறப்பட வேண்டும். கத்தி பட்டு விரல் கிழிந்தவர் எழுப்பும் கூச்சலில் மற்றவர்கள் மறக்கப்படுவதுண்டு. துணியை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் அவரால் காத்திருக்க முடியும்.

ஒரே ஜீப்பும், சில வளைவுகளில் சிக்னல் இல்லாத கைபேசியும் வைத்திருக்கும் நாங்கள், இப்போது நிற்கும் நிலையைவிட இன்னும் ஒரு மணி நேரத்தில் இவர் எப்படி இருப்பார் என்பதையே முதலில் கேட்கப் பழகிவருகிறோம். யார் புறப்படுவது என்று முடிவானதும் ஒருவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி 108-ஐ அழைப்பார்; மற்றொருவர், காத்திருப்பவர்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேசவைத்து, மேலே பார்க்கச் சொல்லி, இமைகள் முழுதாகத் திறக்கின்றனவா என்று கவனிப்பார்.