தேடத் தேடக் குறைந்த இடம்

இரவு பதினோரு மணிக்கு மெயின்ஃபிரேமில் டெஸ்ட் ஜாப் ஒன்று பி37 என்ற பிழைக் குறியீட்டைக் கொடுத்து விழுந்தது. பெரும்பாலும் இதற்கு அர்த்தம், எழுத டிஸ்க்கில் இடம் போதவில்லை என்பதுதான். "எது இடத்தைத் தின்னுதுன்னு பாருங்க" என்று சொல்லி மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

டெஸ்டுக்கென்று ஒதுக்கிய எங்கள் டிஸ்க் பூலில் மொத்தமே நாலு வால்யூம், அதாவது நாலு டிஸ்க். ஒவ்வொன்றும் 10,017 சிலிண்டர், அதாவது எட்டரை ஜிபி.

பட்டியல் காட்டும் 3.4 திரைக்குப் போய் டேட்டாசெட்களை, அதாவது மெயின்ஃபிரேம் கோப்புகளைப் பட்டியலிட்டேன். பாதிக்கு மேல், பிடித்திருக்கும் இடத்தைச் சொல்லும் டிராக் எண்ணிக்கையே இல்லை. வால்யூம் பெயர் வர வேண்டிய இடத்தில் 'மைக்ராட்' என்று இருந்தது. கணக்கே காட்டாதவன்தானே திருடன்? ஒவ்வொன்றின் முன்னாலும் 'பி' தட்டி உள்ளே எட்டிப் பார்த்தேன். பழைய ரிப்போர்ட், பழைய பேக்கப், அப்புறம் அதைவிடப் பழைய ரிப்போர்ட்.

நடுவில் காலி இடத்தைப் பார்த்தால், முன்பைவிடக் குறைந்திருக்கிறது! ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று வேகத்தைக் கூட்டினேன். இடமும் வேகமாகக் குறைந்தது.

எட்டாவது டேட்டாசெட் திறக்கக் காத்திருந்தபோதுதான் திரையில் வந்த செய்தியை முழுசாகப் படித்தேன். டேப்பிலிருந்து ரீகால் ஆகிறதாம். யாரும் தொடாததை, சேமிப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹெச்எஸ்எம் மென்பொருள் டேப்புக்கு ஏற்றி வைத்திருக்கிறது. நான் தொட்டதும் பொறுப்பாக டிஸ்க்குக்கு இறக்கிக் கொடுத்திருக்கிறது. வீட்டில் இடமில்லை என்று பரணில் கிடந்த மூட்டைகளையெல்லாம் கூடத்தில் இறக்கிப் பார்த்திருக்கிறேன்.

எட்டையும் ஹெச்மைக்ரேட் கட்டளை போட்டுச் சத்தமில்லாமல் டேப்புக்கே திருப்பி அனுப்பினேன். பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: வால்யூம் பெயரைக் கொடுத்துப் பட்டியல் எடுத்து, டிராக் அதிகமுள்ளது மேலே வரும்படி வரிசைப்படுத்தினேன். முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது: 45,000 டிராக், அதாவது 3,000 சிலிண்டர், பயன்பாடு 1 சதவீதம். உள்ளே இருநூறு வரி டெஸ்ட் டேட்டா. யாரோ புரொடக்‌ஷன் ஜேசிஎல்லை, அதாவது ஜாப்பை ஓட்டும் கட்டளைகளை, அப்படியே காப்பி அடித்திருக்கிறார்கள். மீதி இடத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லும் ஆர்எல்எஸ்இ மட்டும் காப்பியில் விழவில்லை. முன்னால் ஒரு 'எஃப்' தட்டினேன். சும்மா கிடந்த இடம் மொத்தமும் திரும்பி வந்தது. ஜாப்பும் ஓடியது.

காலையில் மேனேஜர் பாராட்டிவிட்டுக் கேட்டார்: "சரி, பதினொன்றரைக்கு இடம் மடமடன்னு குறைஞ்சிருக்கே, அது எந்த ஜாப்?"

"விசாரிச்சிட்டு இருக்கேன் சார்" என்றேன்.